அவ போன் எம் மடியில

உக்காரு கண்ணு, உக்காரு. இது எம்பட பைதான், தூக்கி மடியில வெச்சுக்கறேன். ஆருக்கும் எடம் புடிச்சு வெக்கல. பழக்கதோஷம், எனக்கொண்ணு பக்கத்துல ஒண்ணுன்னு ரெண்டு சீட்டாப் பாத்து உக்காந்துட்டேன், அவ்வளவுதான். நீ பொள்ளாச்சிக்கா? நான் அத்தனை தூரம் வரல. கெணத்துக்கடவு தாண்டி ஒரு தென்னந்தோப்பு வரும், அங்க எறங்கிருவேன்.

நீ போனைப் பாரு, நான் ஒண்ணும் சொல்லல. பாரு. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் பாத்துட்டிருந்தேன். குத்தம் சொல்றேன்னு நெனச்சுக்காத. உக்கடத்துல ஏறினதுலருந்து கவனிச்சுட்டே வர்றேன், எடுக்கற, தடவற, வெக்கற, மறுபடியும் எடுக்கற. எதுக்கு எடுத்தேன்னு கேட்டா உனக்கே சொல்லத் தெரியாது. கை போகுது, நீ பின்னாடியே போற. இதெல்லாம் எனக்கு வகுப்புல சொல்லிக் குடுத்தது.

எங்கிட்ட இப்பப் போனே இல்ல, பாத்துக்கோ. அணைச்சு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன். அங்க போனாலும் வாங்கித்தான் வெச்சுக்குவாங்க. மௌன முகாம் கண்ணு. மூணு நாளைக்கு வாயத் தொறக்கக்கூடாது. கொழம்பு வேணும்னாக்கூட கையைத்தான் காட்டணுமாம். அதனால இப்பவே உங்கிட்டப் பேசித் தீத்துக்கறேன்னு வெச்சுக்கோயேன். மத்தபடி நான் அதிகம் பேசற ஆளு இல்ல.

இந்த முகாமுக்கு நாங்க ரெண்டு பேரு பேரு குடுத்திருந்தோம். இப்ப நான் மட்டும் போறேன். இன்னொருத்தி வரல. வரலேன்னா, நான் கூப்பிடல. கூப்பிடாதது மட்டும் இல்ல, எந்தப் பஸ்ல போறேன், எப்பக் கெளம்பறேன்னு அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு லிஃப்டுல எறங்காம படியில எறங்கி வந்திருக்கேன், இந்த முட்டியை வெச்சுட்டு. லிஃப்டு அவ வீட்டு வாசலுக்கு நேரா இருக்கு, சத்தம் கேட்டாக் கதவைத் தொறந்து எட்டிப் பாப்பா.

துரோகம் கண்ணு. பெரிய வார்த்தைதான். வேற வார்த்தை இருந்தா நீ சொல்லு.

எம்பேரு கலாமணி. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்கேன். எங்க வீட்டுக்காரர் கிரைண்டர் கடை வெச்சிருந்தாரு, அவரு போய்ச் சேந்து ரெண்டு வருஷமாச்சு. பையன் பெங்களூர்ல. எதுத்த வீட்ல இருக்கறவ வத்சலா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவ. அந்தக் காலத்துல ஊர்க்காரங்க பேசறதையெல்லாம் இவதான் சேத்து விடுவா. ஒட்டுக் கேட்டிருக்கியாடின்னு ஒருநா கேட்டதுக்கு, "சேத்து விட்டதும் காதுல இருக்கறதைக் கழட்டிரணுங்க்கா, அது பழக்கமாயிரும்"னு சொன்னா. நானும் நம்பினேன். அப்படிப்பட்டவ என்ன பண்ணினான்னு கேளு.

மொதல்ல எம்பட கதையச் சொல்லிர்றேன். எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்பறம் எனக்குப் போன்தான் துணை. கோலம் போடற வீடியோ பாப்பேன். கோலமே போட மாட்டேன், பாப்பேன். எந்த நாடோ தெரியாது, ஒரு பொம்பளை மண்ணடுப்புல ரொட்டி சுடுவா, அவ பேசறது ஒரு எழுத்துப் புரியாது, அதையும் பாப்பேன். குளிக்கப் போனா வாளி மேல பலகை போட்டுப் போனைச் சாத்தி வெச்சுக்குவேன். சோறு திங்கறப்ப இந்தக் கையில சோறு, அந்தக் கையில போனு. என்ன தின்னேன்னு கேட்டாத் தட்டைப் பாத்துத்தான் சொல்லணும். பையன் ஒரு ஆப்பை ஏத்தி விட்டான், இத்தனை நேரத்துக்கு மேல பாத்தாப் பூட்டிக்குமாம். அதை எப்படித் தொறக்கறதுன்னு ஒரு வீடியோ இருந்துச்சு, அதையும் பாத்துட்டேன்.

அப்பறம் ஒரு துக்க வீட்ல மானம் போச்சு. கணபதி ஏரியாவுல ஒறம்பரை வீடு, சொந்தக்காரங்கதான். எல்லாரும் உக்காந்திருக்காங்க. நானும் முந்தானைக்குள்ள போனை வெச்சுட்டு, சத்தத்தை அடைச்சுத்தான் தடவிட்டிருந்தேன். எங்க கை பட்டுச்சோ, திடீர்னு ஒரு குத்துப்பாட்டு, அத்தனை பெருசா. பொணத்துக்கு மாலை போடறாங்க, எம்பட மடியில தாரை தப்பட்டை. அணைக்கத் தெரியாம நான் போனை மடியில போட்டு அமுக்க, அது இன்னும் நல்லாப் பாடுது. ஆரோ சிரிச்சுட்டாங்க. எறந்தவரோட சம்சாரம் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதை இன்னும் மறக்க முடியல. பக்கத்துல இருந்த வத்சலாதான் வெடுக்குன்னு வாங்கி அணைச்சா. வெளிய கூட்டிட்டு வந்து, ஆட்டோ ஏத்தி, வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டா. அவ வைதிருந்தாக்கூடப் பரவால்ல போல இருந்துச்சு.

அந்த மாசந்தான் எங்க அசோசியேஷன் ஹால்ல வகுப்பு போட்டாங்க. மனசைக் கவனிக்கற வகுப்பு. சொல்லிக் குடுக்க வந்த தம்பி சின்ன வயசுதான், தாடி வெச்சிருந்தாரு. கையில ஆளுக்கொரு காஞ்ச திராட்சையைக் குடுத்து, இதைத் திங்கறதுக்கு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கங்கன்னாரு. எங்க ப்ளாக் ரங்கநாயகி மாமி வாங்கின கையோட முழுங்கிட்டு இன்னொண்ணு கேட்டாங்க. ஆனா அந்தத் தம்பி சொன்னது எனக்குள்ள எறங்கிருச்சு கண்ணு. "போன் பக்கம் கை போகும். போறதைப் பாருங்க. தடுக்காதீங்க, திட்டாதீங்க, சும்மா கவனிங்க. கவனிச்சாப் போதும், அதுவே நின்னுரும்"னாரு. எத்தனை லேசாச் சொல்லிட்டாரு!

நின்னுச்சா? ஒண்ணும் நிக்கல. வீட்டுக்கு வந்து உக்காந்தேன், கண்ணை மூடினேன், கை போகுது. கவனிக்கறேன். போகுது. கவனிச்சுட்டே எடுத்து ரொட்டி சுடறவளைப் பாத்துட்டிருக்கேன். வத்சலாகிட்டப் போய்ச் சொன்னா, "நான் மட்டும் என்னங்க்கா, அரிசி டப்பாவுல போட்டு மூடி வெச்சேன், அஞ்சு நிமிஷத்துல தோண்டி எடுத்துட்டேன்"னு கையெல்லாம் அரிசி மாவோட நிக்கறா. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு கீழ வாட்ச்மேன் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பத்தான் அந்த ரோசனை. ஆருக்கு மொதல்ல தோணுச்சுன்னு இப்ப ஞாபகம் இல்ல, அவளுக்குத்தான்னு நெனைக்கறேன். நம்ம போனா இருந்தாத்தானே கை போகுது? மாத்தி வெச்சுக்கலாம். அவ போன் எம் மடியில, எம் போன் அவ மடியில. பொழுதோட ஆறு மணிக்கு மொட்டை மாடித் தண்ணித் தொட்டி நெழல்ல ரெண்டு சேரு போட்டு, போனை மாத்திக்கிட்டு, கண்ணை மூடி ஒரு மணி நேரம். அடுத்தவ போனைத் தொட நமக்கு என்ன வேலை? கை தானா அடங்கிரும். அவசரமா ஆராவது கூப்பிட்டா எடுத்துப் பேசறதுக்கு வேணும்னு ஒருத்தி பூட்டு நம்பரை இன்னொருத்திகிட்டச் சொல்லி வெச்சோம். அவளுது பேரன் பொறந்த தேதி. அவதான் சொன்னா, நானா கேக்கல.

நம்ப மாட்ட, ஒரு வருஷம் நடந்துச்சு. மழை பேஞ்சா எங்க ஹால்ல. எனக்கு நல்லா மாறிப் போச்சு கண்ணு. காலைல காப்பியைக் காப்பியாக் குடிச்சேன். சோத்துல உப்புக் கம்மின்னு தெரிஞ்சது. குயில் கத்தறது கேட்டுச்சு, எங்க அபார்ட்மெண்ட்ல குயில் இருக்கறதே அப்பத்தான் தெரியும். நம்ம மனசை நாமளே கட்டி மேய்க்க முடியுதேன்னு எனக்கே ஒரு கர்வம். ஒறம்பரைகிட்டயெல்லாம் சொன்னேன். வத்சலாவும் நானும் சேந்து இந்த வயசுல ஒண்ணைக் கத்துக்கிட்டோம்னு சொன்னேன். சேந்துன்னு சொன்னேன், அதை நல்லாக் கேட்டுக்கோ.

இப்ப நடந்ததுக்கு வர்றேன். அன்னிக்கும் ஆறு மணி. அன்னிக்கும் போன் மாத்தியாச்சு. கண்ணை மூடியாச்சு. எம் மடியில அவ போன் உர்ருன்னு அதிருது. ஒருவாட்டி. கவனிச்சேன். இன்னொருவாட்டி. அதையும் கவனிச்சேன். மூணாவதா ஒண்ணு அதிரறப்ப, அவசரமா இருக்குமோன்னு கண்ணைத் தொறந்தேன். அவ பொண்ணு அபர்ணா, கனடாவுலருந்து மெசேஜ் போட்டிருக்கா. மேலயே தெரியுது: "இன்னிக்கும் கலா ஆன்ட்டியோட மாடிக்குப் போயிட்டியா?"ன்னு.

எம்பேரு இருக்கு. எம்பேரு இருந்தா அது எம்பட சமாச்சாரந்தானே? நீயே சொல்லு. கை போச்சு. போறதைப் பாத்தேன். தடுக்கக்கூடாதுன்னு அந்தத் தம்பியே சொல்லியிருக்காரு, நான் தடுக்கல. பேரன் பொறந்த தேதியைப் போட்டுச்சு கை. தொறந்துச்சு.

அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், அப்பறம் நீ சொல்லு அது துரோகமா இல்லையான்னு. மத்தியானம் இவ பொண்ணுக்கு எழுதியிருக்கா: "எனக்கு முட்டி வலிக்குதுடி, அந்த பிளாஸ்டிக் சேர்ல ஒரு மணி நேரம் உக்கார முடியல. கண்ணை மூடினாத் தியானமும் வர்றதில்ல ஒண்ணும் வர்றதில்ல, நாளைக்கு என்ன காய் வாங்கலாம்னுதான் ஓடுது. கலாக்காவுக்கு மூச்சு விடறப்ப மூக்குல ஒரு விசில் வருது, அதை எண்ணிட்டே உக்காந்திருப்பேன்"னு எழுதி, அதுக்கு ஒரு சிரிக்கற பொம்மை. விசிலாம்! ஒரு வருஷமா எம் மூக்கை எண்ணிட்டிருந்திருக்கா.

அது கூடப் போகட்டும். அதுக்குக் கீழ. எங்க வீட்டுக்காரர் கடை சாத்தறப்ப தெனமும் ஆறு மணிக்கு எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாரு. "கலா, கெளம்பிட்டேன், ஏதாச்சும் வாங்கணுமா?" அவ்வளவுதான். தெனமும் அதேதான். ஒருநா "கொத்தமல்லி இருக்கா?"ன்னு கூடச் சேத்துக் கேப்பாரு. ஒருநா இருமுவாரு. அவரு போனதுக்கப்பறம் பொழுதோட ஆறு மணியானா நான் அதைப் போட்டுக் கேப்பேன். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது, அடுத்தது. சில நாள் பதிலும் சொல்லுவேன். பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லுவேன். இது எம்பட பையனுக்குத் தெரியாது. எம்பட தங்கச்சிக்குத் தெரியாது. வத்சலாகிட்ட மட்டும் ஒருநா சொன்னேன், ஆர்கிட்டயும் சொல்லிராதடின்னு கையைப் புடிச்சுட்டுச் சொன்னேன். "செத்தாலும் சொல்ல மாட்டேங்க்கா"ன்னா.

அதைத்தான் பொண்ணுக்கு எழுதியிருக்கா. "ஆறு மணிக்கு அவங்களைத் தனியா விடக்கூடாதுடி. அந்த நேரத்துல போனும் கையுமா அவர் குரலைக் கேட்டுட்டு, அதுகூடப் பேசிட்டு உக்காந்திருக்காங்க. நான் போன வருஷம் கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டேன், அப்பறம் அவங்களே சொன்னாங்க. போனை மாத்தி வெச்சுக்கலாம்னு சொன்னது அதுக்காகத்தான். எனக்கு எதுக்குடி தியானம்? அந்த ஒரு மணி நேரம் அந்தப் போன் எங்கிட்ட இருந்தாப் போதும்." இதுதான் எழுதியிருக்கறது. ஒரு எழுத்து கூட்டல, கொறைக்கல. அதுக்கு அவ பொண்ணு என்ன பதில் போட்டிருக்கா தெரியுமா? "பாவம்மா அந்த ஆன்ட்டி." அழுகற பொம்மை மூணு.

பாவமா கண்ணு நானு? என்னைப் பாத்தாப் பாவமா இருக்கா உனக்கு? நான் கரண்டு பில்லு கட்டறேன், பேங்குக்குப் போறேன், பெங்களூருக்குத் தனியாப் போயிட்டு வர்றேன். ஒருத்தர்கிட்டயும் பாவம்னு பேரு வாங்காமத்தான் ரெண்டு வருஷத்தை ஓட்டியிருக்கேன். இவ என்னைக் கொண்டுபோய்க் கனடாவுல பாவம் ஆக்கி வெச்சிருக்கா. நான் ஏதோ சாதிச்சுட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன், மனசைக் கட்டிட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன். இவ காவலுக்கு உக்காந்திருக்கா. சின்னக் கொழந்தைகிட்டருந்து கத்தியை வாங்கி வெக்கற மாதிரி எம்பட போனை வாங்கி மடியில வெச்சுட்டு, காய்கறிக் கணக்குப் போட்டுட்டிருந்திருக்கா. அந்த நிமிஷம் எனக்கு ஆருமே இல்லாத மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் போனப்பக்கூட எனக்கு அப்படித் தனியாத் தோணல.

அப்பறம் மேல தள்ளித் தள்ளிப் பாத்தேன். ஏதோ தப்பாப் புரிஞ்சுட்டனோன்னு தெளிஞ்சுக்கணுமில்ல. அந்த ஒரு வருஷத்தையும் பாத்தேன். எம்பேரு வர்ற எடத்துல மட்டும் நின்னு நின்னு பாத்தேன். மத்ததெல்லாம் கண்ணுல பட்டதுதான். அந்த அபர்ணாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆறு மாசமாப் பேச்சு வார்த்தையே இல்ல, ஒரே வீட்ல ஆளுக்கொரு ரூம்ல இருக்காங்க. இவ ராத்திரி பகலா அதுக்கு வெசனப்பட்டு எழுதியிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு! நான் எல்லாத்தையும் சொல்லியிருக்கேன், இவ மறைச்சிருக்கா. நீ இதை ஆர்கிட்டயும் சொல்லிராத கண்ணு, குடும்ப விசயம். அபர்ணா ஹஸ்பெண்டுக்கு ஊரு உடுமலைதான், உங்க பக்கம் ஆராவது தெரிஞ்சவங்களா இருக்கப் போறாங்க.

இதுல இன்னொண்ணைச் சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்து இத்தனையும் பாத்துட்டிருக்கேன், அவ கண்ணைத் தொறக்கவே இல்ல. ஒருவாட்டி கூட. எம்பட போன் அவ மடியில கவுத்தி வெச்சபடி இருக்கு, அதுமேல ரெண்டு கையும் கோத்து வெச்சிருக்கா. மூஞ்சியில ஒரு சாந்தம். எத்தனை நடிப்பு பாரு! தியானம் வரலேன்னு எழுதத் தெரிஞ்சவளுக்கு அந்த மூஞ்சியை எங்கருந்து கொண்டு வர முடிஞ்சது?

மணி ஏழாச்சு. கண்ணைத் தொறந்தா. "இன்னிக்கு என்னங்க்கா உங்க விசிலே கேக்கல"ன்னா. அது வரைக்கும் எங்கிட்ட விசில்னு அவ சொன்னதில்ல, அன்னிக்குன்னு பாத்து வாயில வந்துருச்சு. அவ போனை அவ கையில குடுத்தேன், எம்பட போனை வாங்கிட்டேன், எறங்கி வந்துட்டேன். அவ்வளவுதான். அதோட முடிஞ்சது.

சண்டையா? நான் சண்டை போடற ஆளு இல்ல. மறுநா ஆறு மணிக்குப் பெல்லு அடிச்சா. தொறக்கல. தலைவலின்னு மெசேஜ் போட்டேன். அடுத்த நாளும் அடிச்சா. அதுக்கடுத்து நம்பரையே தடுத்து வெச்சுட்டேன். கதவுக் கைப்பிடியில பையில கட்டிப் பணியாரம் மாட்டி வெச்சுட்டுப் போவா. கெட்டுப் போகக்கூடாதேன்னு எடுத்துத் தின்னேன், டப்பாவைக் கழுவி அவ வாசல்ல சத்தம் போடாம வெச்சுட்டு வந்தேன். ஒருநா படியில மறிச்சுட்டா. "அக்கா, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா? சொல்லுங்க்கா, என்னன்னாச்சும் சொல்லுங்க. எனக்குச் சாப்பாடே எறங்கல"ன்னு கண்ணெல்லாம் கலங்கி நிக்கறா.

என்னத்தைச் சொல்றது? சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. பேச்சு அங்க போயிரும். தப்புப் பண்ணினது அவ, நான் எதுக்குக் கண்ணு விளக்கம் சொல்லணும்? அவ மனசாட்சிக்குத் தெரியாதா? ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா எங்க அபார்ட்மெண்ட் குரூப்புல துரோகத்தைப் பத்தி ஒரு பொன்மொழி போட்டேன், ரோசாப்பூப் படத்தோட. ஆரையும் குறிப்பிட்டுப் போடல. நெறையப் பேரு கும்பிட்டாங்க. மொதல்ல கட்டைவிரலைத் தூக்கினது ஆருங்கற? அவதான். "அருமை அக்கா"ன்னு வேற எழுதியிருந்தா. அதைப் பாத்ததும் எனக்கு இன்னும் எரிஞ்சுது.

இப்ப ஆறு மணிக்கா? இப்ப நான் எம்பட வீட்லயே தனியா உக்காந்துக்கறேன். போனைப் பக்கத்து ரூம்ல வெச்சுட்டுத்தான். கொஞ்ச நேரம் உக்காருவேன். அப்பறம், மறைச்சு என்ன ஆகப் போகுது, எடுத்து அவரு மெசேஜைப் போட்டுருவேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வெச்சரலாம்னுதான் எடுப்பேன். பொழுது விடிஞ்சு எந்திரிக்கறப்ப போன் காதுகிட்டக் கெடக்கும், சார்ஜ் எல்லாம் தீந்து. அதனாலதான் இந்த முகாமுக்கே வந்துட்டேன். ஒருத்தி துணை இல்லாம எம்பட மனசை என்னால கட்ட முடியும்னு காட்டணும். ஆருக்குக் காட்டணும்னு கேக்காத.

கெணத்துக்கடவு வந்துருச்சா? அதுக்குள்ளயா? கண்ணு, உங்கிட்ட ஒரு உதவி. தப்பா எடுத்துக்காத. நாம பேசிட்டிருக்கறப்பவே எனக்கு ஒண்ணு உறுத்திட்டே இருக்கு. கெளம்பற அவசரத்துல கேஸ் சிலிண்டரை மூடினேனா இல்லையான்னு தெரியல. காப்பி போட்டேன், அது ஞாபகம் இருக்கு. மூடினது ஞாபகம் இல்ல. மூணு நாளைக்குப் பூட்டிக் கெடக்கற வீடு. எங்க சாவி ஒண்ணு அவகிட்ட இருக்கு. அவளுது எங்கிட்ட இருக்கு. அந்தக் காலத்துல குடுத்து வெச்சது, திருப்பி வாங்கல. நீ ஒரே ஒரு போன் போட்டு, சிலிண்டரைப் பாக்கச் சொல்லிரேன். நம்பர் நான் சொல்றேன். எம்பட பையன் நம்பர் கூட எனக்குப் பாடமில்ல, இந்தக் கெரகம் மட்டும் நின்னுருச்சு.

ரிங்கு போகுதா? நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லாத. ஸ்பீக்கர்ல போடாத, அவ குரல் எனக்குக் கேக்க வேண்டாம். கலாமணி அம்மா சொல்லச் சொன்னாங்க, சிலிண்டரை ஒருவாட்டி பாத்துருங்கன்னு மட்டும் சொல்லு. எடுத்துட்டாளா? என்ன சொன்னா? "கலாக்காவா"ன்னா? நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியேவா? உம்பட நம்பர் அவளுக்குப் புதுசு, எப்படி அப்படிக் கேப்பா? கொரியர்காரர் கூப்பிட்டப்பவும் அப்படித்தான் கேட்டாளாமா? சரி சரி, அதெல்லாம் எதுக்கு, நீ சிலிண்டரைச் சொல்லு.

என்னவாம்? ஏற்கெனவே பாத்துட்டாளா? நான் படியில எறங்கினது அவளுக்குத் தெரியுமா? ஜன்னல்ல நின்னு பாத்தாளாமா. தொறந்துதான் இருந்துச்சா. அவதான் மூடினாளாமா. பாலையும் எடுத்து ஃபிரிட்ஜுல வெச்சுட்டாளாமா.

பாத்தியா கண்ணு, நீயே பாத்தியா? நான் இல்லாத வீட்டுக்குள்ள போயிருக்கா. நம்பிக் குடுத்து வெச்சதுதான் அந்தச் சாவி. நம்பிக் குடுத்தாத் தொறந்து பாத்துர்றதா? ஒருத்தர் வீட்டை அவங்களுக்குத் தெரியாமத் தொறக்கலாமா? எனக்கெல்லாம் அப்படி ஒரு பழக்கமே கெடையாது.

இல்ல, வெச்சுராத. இரு. லைன்லயே இருக்கச் சொல்லு. மூணு நாள் அங்க போய் உக்காரறப்ப இதை மனசுல வெச்சுட்டு உக்காந்தா ஒண்ணும் நடக்காது. அந்த வகுப்புத் தம்பியும் சொல்லுவாரு, புடிச்சு வெச்சிருக்கறதை விட்டுறணும்னு. சரி, விட்டுர்றேன். பெரியவ நானு, நாந்தான் விட்டுக் குடுக்கணும். சொல்லிரு கண்ணு. கலாமணி உங்களை மன்னிச்சுட்டாங்கன்னு சொல்லு. ஆமா, அப்படியே சொல்லு.

சொல்லிட்டியா? என்ன பண்றா? அழுகறாளா?

எதுக்குன்னு கேக்கறாளா?

எதுக்குன்னா? கிண்டலாக் கேக்கறாளா, நெசமாவே கேக்கறாளா? நான் என்ன பண்ணினேன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, எதுவா இருந்தாலும் திருத்திக்கறேங்கறாளா?

வேண்டாம் கண்ணு, எங்கிட்டக் குடுக்காத. அந்தப் போனை இந்தப் பக்கம் நீட்டாத. கண்டக்டர் தம்பி, தோப்பு ஸ்டாப்பு வந்துருச்சுங்களா? இன்னும் வரலியா? பரவால்ல, நான் படிக்கிட்டப் போய் நின்னுக்கறேன். இந்தப் பையைச் சித்த எடு.

எறங்கிட்டாங்கன்னு சொல்லு கண்ணு. இப்பத்தான் எறங்கிப் போயிட்டாங்கன்னு சொல்லிரு.